வரச்சொன்னது யார்

செகரட்டரி என்ற பட்டம் அவளுக்குப் போட்டி போட்டு ஜெயித்து வந்ததில்லை. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் "யார் பொறுப்பெடுத்துக்கறீங்க?" என்று கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்; அவள் மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து நான்கு மாடிக் கட்டடம் முழுவதற்கும் அவள் செகரட்டரிதான். வீட்டில் கணவன்கூட, கோபத்திலும் சரி கொஞ்சலிலும் சரி, "செகரட்டரி என்ன சொல்றாங்க?" என்றுதான் கேட்பான்.

பகலில் அவளுக்கு ஒரு பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. நாற்காலியில் சாய்ந்து வாயைப் பிளந்துகொண்டிருக்கும் ஆளிடம் டாக்டர், "வலி எப்பலேர்ந்து?" என்று கேட்பார். அந்த ஆள் "ஆ... ஊ..." என்று ஏதோ முனகுவான். "ஒரு வாரமா டாக்டர், படுத்தா ஜாஸ்தியாகுது" என்று இவள் சொல்லிவிடுவாள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். அந்தச் சுறுசுறுப்பு டாக்டருக்குப் பிடிக்கும். அவளுக்கும் அதில் உள்ளூர ஒரு பெருமைதான்.

வீட்டில் நான்கு பேர். அவள், லிஃப்ட் மெக்கானிக்கான கணவன், பள்ளிக்கூடம் போகிற மகள், அப்புறம் கணவனின் அம்மா. அத்தை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமா காலமான பிறகு மகன் வீட்டோடு வந்துவிட்டார். குரல் இன்னும் கணீரென்று இருக்கும், ஆனால் பேச்சு குறைவு. மோவாயில் தொடங்கி வலது கன்னம் வரை ஒரு வெள்ளைத் திட்டு படர ஆரம்பித்துச் சில வருஷங்களாகிவிட்டன. வலிக்காது, யாருக்கும் ஒட்டாது, உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை என்று தோல் டாக்டர் சொல்லியிருந்தார். அதோடு அந்த விஷயம் முடிந்துபோனதாகத்தான் செகரட்டரி நினைத்திருந்தாள். யாராவது வீட்டுக்கு வந்தால் அத்தை உள்ளறைக்குப் போய்விடுவதை அவள் கவனிக்காமல் இல்லை. அது கூச்ச சுபாவம் என்று எடுத்துக்கொண்டாள்.

வீடு வீடாக வந்து விற்கிறவர்கள் மேல் செகரட்டரிக்குப் பிறவிப் பகை ஒன்றும் கிடையாது. முதல் மாடியில் தனியாக இருக்கும் ஒரு வாத்தியாருக்கு நடந்ததுதான் அவளை உசுப்பிவிட்டது. தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின் விற்க வந்த இரண்டு பேர், அவர் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் என்னவோ பொடியைப் போட்டுக் கறுப்பாக்கிக் காட்டி, "இதையா சார் குடிக்கிறீங்க?" என்று பயமுறுத்தி, சாயங்காலம் வரை சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. கையெழுத்துப் போட்டால்தான் போவார்கள் என்ற நிலையில் வாத்தியார் கையெழுத்துப் போட்டார். அடுத்த நாள் செகரட்டரியிடம் வந்து சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. படித்த மனுஷன், தன் வீட்டுக்குள் தன்னால் ஒரு ஆளை வெளியே போகச் சொல்ல முடியவில்லை என்ற அவமானம் அவருக்கு.

செகரட்டரி நகராட்சிக்கு நடையாய் நடந்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு விதி இருந்தது; யாரும் அதைத் தூசி தட்டவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து விற்கிறவர் நகராட்சி கொடுத்த அட்டையைக் கழுத்தில் மாட்டியிருக்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கதவைத் தட்டக் கூடாது. 'விற்பனையாளர்கள் வர வேண்டாம்' என்று பலகை வைத்திருக்கும் கட்டடத்துக்குள் நுழையவே கூடாது. போகச் சொன்னால் மறுபேச்சில்லாமல் போய்விட வேண்டும். வாங்கிய பொருளைப் பத்து நாளுக்குள் திருப்பிக் கொடுக்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை வைத்து வாத்தியாரின் மெஷினைத் திருப்பி அனுப்பினாள். வாசல் கேட்டில் பலகையை அவளே நின்று மாட்டவைத்தாள். அக்கம்பக்கத்துக் கட்டடங்களின் செகரட்டரிகள் எல்லாம் அவளிடம் யோசனை கேட்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்கென்று போனில் ஒரு குழு ஏற்பட்டது. நல்ல காரியம்தான் செய்தாள். அதில் இன்றைக்கும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் மகளுக்கு நீச்சல் வகுப்பு. ஐந்தரைக்குக் கிளம்பினால் இருவரும் வீடு திரும்ப எட்டாகிவிடும். ஒரு செவ்வாய்க்கிழமை நீச்சல் குளத்தில் மோட்டார் பழுது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆறரை மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தாள் செகரட்டரி.

சாப்பாட்டு மேஜை மேல் ஒரு பெட்டி திறந்து கிடந்தது. சக்கரம் வைத்த நீலப் பெட்டி. அதிலிருந்து சின்னச் சின்ன டப்பிகளும் குழாய்களும் மேஜை முழுக்கப் பரப்பப்பட்டிருந்தன. அத்தை ஜன்னல் பக்கம் முகத்தைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் அவர் மோவாயை ஒரு கையால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கன்னத்தில் எதையோ ஒற்றி ஒற்றிப் பூசிக்கொண்டிருந்தாள். அத்தை கண்ணை மூடியிருந்தார்.

"யார் நீங்க?" என்றாள் செகரட்டரி.

அத்தை கண்ணைத் திறந்தார். மறு நொடி மடியில் இருந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அந்தப் பெண் "அம்மா, மெதுவா, தோல் சிவந்துடும்" என்று சொன்னது செகரட்டரி காதில் விழுந்தும் விழாத மாதிரி இருந்தது.

"அத்தை, யாரு இவங்க? எப்படி உள்ள வந்தாங்க?"

அத்தை துண்டுக்குள்ளிருந்தே சொன்னார்: "ஏதோ விக்க வந்திருக்காங்க. சும்மா காட்டுறேன்னாங்க."

அவ்வளவுதான், செகரட்டரிக்குப் பொறி தட்டிவிட்டது. வயதான மனுஷி தனியாக இருக்கிறாள், கதவு சாத்தியிருக்கிறது, ஆறு மணி தாண்டியிருக்கிறது, கீழே பலகை கொட்டை எழுத்தில் தொங்குகிறது. வாத்தியார் கதை அப்படியே கண் முன்னால் வந்து நின்றது. அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போடாமல் பேசுவதுதான் அவள் பழக்கம். "கேட்ல என்ன எழுதியிருக்குன்னு பார்த்தீங்களா?" என்றாள். அந்தப் பெண் அத்தையைப் பார்த்தாள். அத்தை துண்டை விட்டு நிமிரவில்லை. "பார்த்தேங்க" என்றாள் அந்தப் பெண். "அப்புறம்?" என்றாள் செகரட்டரி. அந்தப் பெண் டப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் அடுக்கினாள். செகரட்டரி அவள் கழுத்தில் தொங்கிய அட்டையைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

கீழே போய் வாட்ச்மேனைப் பிடித்தாள். "அந்தச் சக்கரப் பெட்டிக்காரியை யார் மேல விட்டது?"

வாட்ச்மேன் முகத்தில் ஈயாடவில்லை. "நான் பார்க்கலியேம்மா. தண்ணி மோட்டார் போடப் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்து ஏறியிருப்பாங்க" என்றார்.

அந்தச் சூட்டோடு செகரட்டரிகள் குழுவில் படத்தைப் போட்டாள். 'ஆறு மணிக்கு மேல் வருகிறார். தனியாக இருக்கும் பெரியவர்களைக் குறிவைக்கிறார். உள்ளே விடாதீர்கள்.' மறுநாள் நகராட்சியில் புகார் கொடுத்தாள்.

விசாரணைக்கு இரண்டு வாரத்தில் கூப்பிட்டார்கள். மாடியில் ஒரு சின்ன அறை, சுவரோரம் அடுக்கிய நாற்காலிகள், சத்தம் போடுகிற ஒரு மின்விசிறி. அதிகாரி நிதானமான மனுஷர். அவருக்குப் பக்கத்தில் எழுதுகிற ஒருவர், கதவருகே சிப்பந்தி ஒருவர். சக்கரப்பெட்டிக்காரி அன்று பெட்டி இல்லாமல் வந்திருந்தாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாதவள்போல மடியில் கோத்துக்கொண்டிருந்தாள். அத்தை சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்து, மோவாய் வரை ஏற்றிப் போர்த்தியிருந்தார்.

அதிகாரி முதலில் அவளைக் கேட்டார். "ஆறு மணிக்கு மேல போனது உண்மையா?"

"உண்மைதாங்க."

"பலகை இருக்கிற கட்டடம்னு தெரியுமா?"

"தெரியுங்க. ஆனா அந்த அம்மாதான் வரச்சொன்னாங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அப்படின்னா விஷயமே வேற. வீட்டுக்காரங்களே வரச்சொல்லியிருந்தா இந்த விதி எதுவும் பொருந்தாது. எத்தனை மணியானாலும் சரி, பலகை இருந்தாலும் சரி. அவங்க வீட்டுக்கு யார் வரணும்னு முடிவு பண்றது அவங்க உரிமை." அத்தையின் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க வரச்சொன்னீங்களா?"

அத்தை வாயைத் திறந்தார்.

"இல்லீங்க சார்" என்றாள் செகரட்டரி. "அத்தை அப்படி யாரையும் வரச்சொல்ற ஆளே இல்லை. எதிர் வீட்டுக்காரங்க வந்தாக்கூட உள்ள போயிடுவாங்க. இந்த மாதிரி அலங்காரச் சாமான் எல்லாம் அவங்க தொட்டதே கிடையாது."

எழுதுகிறவர் எழுதிக்கொண்டார். அதிகாரி ஒரு கணம் யோசித்துவிட்டு, "அப்படித்தானாம்மா?" என்று கேட்டார்.

அறையில் இருந்த மூன்று ஆண்களும் அத்தையின் முகத்தையே பார்த்தார்கள். கதவருகே நின்ற சிப்பந்திகூட எட்டிப் பார்த்தார். அத்தை தலையைக் குனிந்து, ஆமாம் என்பதுபோல ஒரு தடவை அசைத்தார்.

சக்கரப்பெட்டிக்காரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படுவாள், சண்டை போடுவாள் என்று செகரட்டரி எதிர்பார்த்துத் தயாராக இருந்தாள். அவளோ அதிகாரியிடம் திரும்பி, "அம்மா சொல்றது சரியா இருக்கும் சார். நான்தான் தப்பாப் புரிஞ்சிக்கிட்டேன் போல" என்றாள். அப்புறம் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி மேஜை மேல் வைத்தாள். அனுமதி ஒரு வருஷத்துக்கு ரத்து என்று அதிகாரி சொன்னார்.

பஸ்ஸில் திரும்பும்போது செகரட்டரி, "பயந்துட்டீங்களா அத்தை? எல்லாம் முடிஞ்சுபோச்சு, இனிமே ஒரு தொந்தரவும் இல்லை" என்றாள். அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி "ம்" என்றார்.

அந்த வாரம் சனிக்கிழமை அத்தைக்கு ஒரு இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. பழைய எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று, அதில் வேலை பார்த்த ஆபரேட்டர்கள் எல்லாம் கடைசியாக ஒரு நாள் கூடுவதாக ஏற்பாடு. ஒரு மாதமாகவே அத்தை அதைப் பற்றி இரண்டு மூன்று தடவை சொல்லியிருந்தார். அவர் எதையும் இரண்டு தடவை சொல்வதே அபூர்வம். வெள்ளிக்கிழமை, "முட்டி வலிக்குது, நான் போகல" என்றார்.

"நல்லதாப் போச்சு அத்தை. அங்க அத்தனை படி, லிஃப்டும் கிடையாது" என்று சொல்லிவிட்டு செகரட்டரி தைலத்தை எடுத்துக்கொடுத்தாள். அத்தை அதை வாங்கி முட்டியில் தேய்த்துக்கொண்டார்.

ஏழெட்டு மாதம் போயிற்று. கட்டடத்தில் விற்பனைக்காரர் தொல்லை அடியோடு நின்றுவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்றாம் மாடியிலிருந்து புகார் ஒன்று வந்தது: எதிர் வீட்டுக்கு யாரோ ஒருவன் கம்பளம் விற்க வந்து கூடத்தில் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தானாம். செகரட்டரி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நகராட்சிக்கு எழுத ஆரம்பித்தாள். எதிரே அத்தை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

பாதி எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள். "முதல்ல அந்த வீட்டுக்காரரைக் கேட்டுடறது நல்லது. அவரே வரச்சொல்லியிருந்தா நமக்குத்தான் அசிங்கம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அத்தை பீன்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல், "அன்னிக்கு என்னையும் கேட்டிருக்கலாம்" என்றார்.

முதலில் செகரட்டரிக்குப் புரியவில்லை. "என்னிக்கு?" என்று கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் புரிந்துவிட்டது.

"அத்தை... நீங்களா வரச்சொன்னீங்க?"

"நான்தான்."

அப்புறம் அத்தை சொன்னார். கத்தியை நிறுத்தாமல், ஒரு நேர் ஓட்டமாகச் சொன்னார். மருந்துக் கடை வாசலில்தான் அந்தப் பெண்ணை முதலில் பார்த்தாராம். பெட்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவள், அத்தையின் கன்னத்தைப் பார்த்துவிட்டுப் பார்வையை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளவில்லையாம். நேராகப் பார்த்து, "ரெண்டு நிறத்தைக் கலந்தா உங்க தோல் நிறம் அப்படியே வரும்மா" என்றாளாம். வீட்டுக்கு வந்து காட்ட முடியுமா என்று கேட்டது அத்தைதான். பலகை இருக்கிறது, வர மாட்டேன் என்றாளாம். நான் கூப்பிட்டால் வரலாமே என்று அத்தைதான் சொன்னாராம். விதியெல்லாம் மருமகள் வாயால் கேட்டுக் கேட்டு அத்தைக்கும் மனப்பாடம். செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு மேல் என்று நேரம் குறித்ததும் அவர்தான். வாட்ச்மேனுக்கு இன்டர்காமில் சொல்லி மேலே அனுப்பச் சொன்னதும் அவர்தான்.

"அது மூணாவது தடவை" என்றார் அத்தை. "மொத தடவை மணிக்கட்டுல பூசிப் பார்த்தா. ரெண்டாவது தடவை நிறம் கொஞ்சம் மஞ்சளாப் போச்சு. அன்னிக்குத்தான் சரியா வந்துச்சு. நானே பூசிக்கிற மாதிரி கத்துத் தர்றேன்னு சொல்லியிருந்தா. எக்ஸ்சேஞ்ச்ல கூடற சனிக்கிழமைக்குள்ள."

"சனிக்கிழமை முட்டி வலின்னீங்களே."

"முட்டிக்கு என்ன. நல்லாத்தான் இருந்துச்சு."

அத்தையே தொடர்ந்தார். "பக்கத்து சீட்டுக்காரி வெளிநாட்டுலேர்ந்து வந்திருந்தா. இருபத்திரண்டு வருஷம் ஒரே வரிசைல உக்காந்திருந்தோம். என்னைத் தேடினாளாம். அப்புறம் போன் பண்ணினா. நமக்குக் குரல் போதாதா, மூஞ்சி எதுக்குடின்னு நானும் சிரிச்சு வெச்சேன்."

"ஏன் அத்தை அன்னிக்கே சொல்லல?"

"நீதான் சொல்லிட்டியே."

"அப்புறமும் அவர் உங்களைக் கேட்டாரே."

அத்தை நறுக்கிய பீன்ஸைப் பாத்திரத்தில் தள்ளினார். "கேட்டார். எல்லார் முன்னாடியும் உன்னைப் பொய்க்காரி ஆக்கணும். அதோட இந்த வயசுல மூஞ்சிக்குப் பூசிக்க ஆள் வெச்சேன்னு அத்தனை ஆம்பளைங்க முன்னாடி சொல்லணும். என்னால முடியல. தலையாட்டிட்டேன்." சற்றுப் பொறுத்து, "அந்தப் பொண்ணு என்னைப் பார்த்தா பாரு. அதுதான்..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டு, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

செகரட்டரி பின்னாலேயே போய், "என்னை மன்னிச்சிடுங்க அத்தை" என்றாள். அத்தை குழாயைத் திறந்துவிட்டுப் பீன்ஸைக் கழுவினார். "சரிம்மா" என்றார்.

கணவனிடமும் சொன்னாள். "அந்த வெள்ளிக்கிழமை அம்மா செருப்பைத் துடைச்சு வாசல்ல வெச்சிருந்தாங்க. மறுநாள் பார்த்தா திரும்ப அலமாரிக்குள்ள இருந்துச்சு. என்னன்னு கேட்கணும்னு நினைச்சேன், வேலைக்கு நேரமாச்சு" என்றான்.

வாட்ச்மேனைக் கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். "அம்மாதான் இன்டர்காம்ல சொன்னாங்க. ஆனா நீங்க இறங்கி வந்த வேகத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் வரலைம்மா. வேலை போயிடுமோன்னு..." செகரட்டரி அவரைத் திட்டவில்லை. திட்டுவதற்குத் தனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தோன்றியது. தன்னைச் சுற்றி இருக்கிறவர்கள் எல்லாம் தான் கேட்க விரும்புவதைத் தன்னிடம் சொல்லிவிட்டுத் தப்பித்துப் போகிறார்கள் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. பொய் சொன்னவர்கள் மேல் கோபம் வரவில்லை. அவர்களுக்குத் தன்னிடம் இத்தனை பயமா என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

அரை நாள் லீவு போட்டு நகராட்சிக்குப் போனாள். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். "எழுதிக் கொடுங்க. ரத்து பண்ணினதை எடுத்துடலாம். அவங்க நேர்ல வந்து அட்டையை வாங்கிக்கணும்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "அன்னிக்கு உங்களை வெளியில உட்காரச் சொல்லிட்டு அந்த அம்மாவைத் தனியாக் கேட்டிருக்கணும். எனக்கும் தோணலை" என்றார்.

சக்கரப்பெட்டிக்காரியின் போன் எண்ணை அத்தைதான் கொடுத்தார். எங்கும் எழுதி வைக்கவில்லை, வாயிலேயே வந்தது. அவள் இப்போது ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் இருந்தாள். பின்வாசலுக்கு வரச்சொன்னாள். வேலை முடிந்து அவள் வந்தபோது கைகள் இரண்டும் வெந்நீரில் ஊறிச் சுருங்கியிருந்தன. செகரட்டரியைப் பார்த்தபோது அவள் முகத்தில் பகையும் இல்லை, வரவேற்பும் இல்லை.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"நல்லா இருக்காங்க. எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. தப்பு என்னோடது. நகராட்சில எழுதிக் கொடுத்துட்டேன், நீங்க போய் அட்டையை வாங்கிக்கலாம்."

"வாங்கி?"

செகரட்டரிக்கு அந்தக் கேள்வி எதிர்பாராதது. "மறுபடியும் தொழிலைப் பண்ணலாமே" என்றாள்.

"எங்க போய்ப் பண்றது? நீங்க எடுத்த போட்டோ எல்லாக் கட்டடத்து வாட்ச்மேன் போன்லயும் இருக்கு. நான் ரெண்டு மூணு வருஷமாப் போய்ட்டிருந்த வீடுங்க. அவங்களே வரச்சொன்னாலும் கேட்லயே நிறுத்திடறாங்க. 'பெரியவங்களைக் குறிவெக்கிறவ'ன்னு ஒருத்தர் என் மூஞ்சிக்கு நேரா படிச்சே காட்டினார்." அவள் குரல் உயரவே இல்லை. "அட்டையைத் திருப்பிக் கொடுக்கலாங்க. போட்டோவை எப்படித் திருப்பிக் கொடுப்பீங்க?"

'குழுவில் மறுப்புப் போட்டுவிட்டேன்' என்று சொல்லத்தான் செகரட்டரி வந்திருந்தாள். உண்மையில் போட்டிருந்தாள், நீளமாக, தன் தப்பு என்று ஒளிக்காமல். அதைப் படித்த ஆறு செகரட்டரிகளில் இரண்டு பேர் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினார்கள். அதை வாட்ச்மேன்களுக்கு யார் அனுப்பப்போகிறார்கள்? முதல் செய்தி ஓடிய ஓட்டம் இரண்டாவதற்கு இல்லை. அதனால் வாயை மூடிக்கொண்டாள்.

"அன்னிக்கு ஏன் நீங்க விட்டுக்கொடுத்தீங்க? வாட்ச்மேனைக் கேளுங்கன்னு சொல்லியிருக்கலாமே" என்றாள் கடைசியில்.

"சொல்லியிருக்கலாம். அம்மா மூஞ்சியைப் பார்த்ததும் சொல்ல வரல. அங்க எல்லாரும் அவங்களையே உத்துப் பார்த்துட்டிருந்தாங்க. நான் பேசினா இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்பாங்க."

"ஒரு தடவை வீட்டுக்கு வாங்க. நானே வரச்சொல்றேன். அத்தைக்கும் உங்களைப் பார்த்தா..." என்று தொடங்கிய செகரட்டரி பாதியில் நின்றுவிட்டாள். அத்தைக்கு இந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டுமா என்று அவள் அத்தையைக் கேட்கவே இல்லை. இங்கே கிளம்பி வந்ததுகூடத் தானாக முடிவு செய்ததுதான்.

சக்கரப்பெட்டிக்காரி மீதியைக் கேட்கக் காத்திருக்கவில்லை. பஸ் வந்துவிட்டது. "அம்மாவுக்கு ரெண்டு டப்பி கொடுத்திருந்தேன். பழசாயிருக்கும், பூச வேண்டாம்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து செகரட்டரி நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். பிறகு, "அவங்களை வரச்சொல்லணுமா அத்தை? உங்க இஷ்டம் என்னன்னு தெரியாம நான் பாதி கூப்பிட்டுட்டேன்" என்றாள்.

அத்தை யோசித்தார். "போனைக் கொடு" என்றார். பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முதுகு மட்டும் தெரிந்தது. நேராக நிமிர்ந்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி நின்று பேசினார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. அதிகம் பேசாத மனுஷி, துணி காயப் போட்டு எடுக்கிற அளவு நேரம் பேசினார்.

திரும்பி வந்து போனை மேஜை மேல் வைத்தார். "வர மாட்டாளாம். நல்லாத்தான் பேசினா. தலையாட்டினதுக்கு நான் மன்னிப்புக் கேட்டேன், அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மான்னுட்டா. வர்றியான்னு கேட்டேன். வேண்டாம்மா, அந்தக் கேட்டைத் தாண்டற தெம்பு இல்லைன்னா."

"வேற யாராவது தெரிஞ்சவங்களை... இல்லேன்னா கடையில கேட்டு நான் பழகிக்கட்டுமா அத்தை?"

"வேண்டாம்மா. நீ செஞ்சா மருமக எனக்குச் செய்யற உதவியாயிடும். அவகிட்ட அப்படி இல்ல. நான் கூப்பிட்டேன், அவ வந்தா." அதில் குத்தல் ஏதும் இல்லை. நடந்ததைச் சொல்கிற குரல்தான்.

அட்டையை வாங்கிக்கொள்ள சக்கரப்பெட்டிக்காரி போகவில்லை. செகரட்டரி அடுத்த கூட்டத்தில் பொறுப்பை விட்டுவிடுகிறேன் என்றாள். எல்லோரும் வழக்கம்போலத் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் வாத்தியார் எடுத்துக்கொண்டார். பலகை அப்படியேதான் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அதற்குக் கீழே, 'வீட்டார் அழைத்து வருபவர்களைத் தடுக்க வேண்டாம்' என்று ஒரு வரி சேர்க்கவேண்டும் என்று அவள் கேட்டு, வாத்தியார் சேர்த்தார். அந்த வரியைப் பார்த்து வருவதற்கு ஆள்தான் யாரும் இல்லை.

பட்டம் போனாலும் பேர் போகவில்லை. இன்றும் எல்லோருக்கும் அவள் செகரட்டரிதான். அத்தையோடு மனஸ்தாபம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள், ஒன்றாக டிவி பார்க்கிறார்கள், பேத்தியின் குறும்புகளைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். இப்போது வீட்டில் எதுவானாலும் அவள் அத்தையைக் கேட்கிறாள். டாக்டரிடம் என்றைக்குப் போகலாம், ஜன்னலைத் திறக்கவா, யாராவது வந்தால் இருக்கச் சொல்லவா என்று ஒவ்வொன்றையும் கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிறாள். அத்தை பெரும்பாலும், "உன் இஷ்டம்மா" என்கிறார்.